பீச் பழ டப்பா

எரிவாயு உருளையை எடுத்து
காதருகே ஆட்டிப் பார்த்தான் லியாண்டர்.
காலி.
அதை என்னிடம் சொல்லவில்லை.
படகை நான் விற்ற நாளிலிருந்து
எதையுமே சொல்வதில்லை, மூன்று வருடமாக.

பழம் பறிக்க வரவேண்டியவள் என் தங்கை.
அவளுக்கு முட்டி வீங்கிவிட்டது.
"உறைபனி விழுந்தால் எல்லாம் போச்சு" என்று
தன் புருஷனையும் என்னையும்
ஒரே வண்டியில் ஏற்றிவிட்டாள்.
கெட்டிக்காரி கிளெனிஸ்.

நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மேட்டு வெளியில்
மரங்கள் என் முழங்காலுக்கு மேல் வளர்வதில்லை.
கடல் இருக்கும் திசைக்கு முதுகு காட்டிக்
கூனிக் கிடக்கின்றன.
இரண்டு வாளி நிறையச் சிவப்புப் பழம்.
சாலைக்கு நான்கு மணி நேர நடை.
மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி
நடையை நாளைக்கு ஒத்திவைத்துவிட்டது.

என்னிடம் ஒரு பீச் பழ டப்பா இருந்தது.
அவனிடம் கத்தி இருந்தது.
திறந்து வைத்தான். விரலால் எடுத்துத் தின்றோம்,
அவன் ஒரு துண்டு, நான் ஒரு துண்டு,
எண்ணிக்கொண்டே.
பாகைக் குடித்துவிட்டு நான் டப்பாவைக் கவிழ்த்தபோது
அவன் எழுந்து போய்
சதுப்பின் மேல் போட்டிருந்த பழைய பலகையிலிருந்து
துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பிடுங்கி வந்தான்.

கல்லால் ஆணியைத் தட்டினேன்.
அடியைச் சுற்றி ஏழு ஓட்டை.
விளிம்புக்குக் கீழே ஐந்து.
பக்கவாட்டில் சுள்ளி நுழைய ஒரு வாசல்,
கத்தியால் அறுக்கும்போது தகரம்
என் கட்டைவிரலையும் கொஞ்சம் அறுத்துக்கொண்டது.

சிவந்து காய்ந்த ஸ்ப்ரூஸ் கொப்புகள்,
பள்ளத்திலிருந்து உரித்து வந்த பிர்ச் பட்டை.
முதல் குச்சி, ஈரம்.
இரண்டாவது, காற்று.
மூன்றாவது பிடித்தது.
பிடித்து,
புகைந்து,
கண்ணை எரித்து,
அணைந்தது.

"மூச்சு விட வழியில்லை அதுக்கு."

சொன்னது என்னிடமில்லை, டப்பாவிடம்.
ஆனாலும் நான் திரும்பிப் பார்த்தேன்.
கல்லை என் கையிலிருந்து வாங்கி
இன்னும் ஒன்பது ஓட்டை போட்டான்.
கோணல்மாணலாக, கோபமாக,
ஒன்று மற்றொன்றில் கிழிந்து சேரும் அளவுக்கு.

பிறகு அது இழுத்தது பாருங்கள் காற்றை!
ஒரு கைப்பிடி நெருப்புதான்,
உறுமல் மட்டும் பெரிய அடுப்புக்குரியது.
பாத்திரத்தை நேராக வைத்தால் திணறுகிறது என்று
கூடாரத்தின் இரண்டு ஆணிகளை விளிம்பில் குறுக்கே போட்டு
மேலே குவளையை வைத்தேன்.

விரல் தடிமன் சுள்ளியை
வெற்றிலை மாதிரி மென்று துப்பியது அந்த டப்பா.
எழுந்து போக முடியாது.
ஒருவர் ஒடிக்க வேண்டும்,
ஒருவர் ஊட்ட வேண்டும்,
நிறுத்தினால் நீர் ஆறிவிடும்.
ஒரு தடவைக்கு ஒரு குவளைதான் கொதிக்கும்.
முதல் குவளை யாருக்கு என்று கேட்கவில்லை நாங்கள்;
கேட்டால் அது பேச்சாகிவிடும்.

காகிதத்தில் அந்தப் படகு முழுக்க என்னுடையது.
ஆனால் பனிக்கட்டி உடைத்து அதை வெளியே இழுத்த
பதினாறு வசந்தங்களில்
கயிற்றின் மறுமுனை அவன் கையில் இருந்தது.
வங்கிக்காரனுக்கு அது தெரியாது.
எனக்குத் தெரியும்.

தேநீரில் சாம்பல் மிதந்தது.
குவளையை அவன் பக்கம் நகர்த்தினேன்.
எடுத்தான். குடிக்கவில்லை.
"எவ்வளவுக்குப் போச்சு?"
சொன்னேன்.
ஒரு சுள்ளியை ஒடித்தான்.
"கம்மி."
அதையும் உள்ளே போட்டான்.
"கம்மிதான்" என்றேன்.
அடுத்த குவளைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

காலையில் டப்பா நீலமும் ஊதாவுமாய்
வெந்து நிறம் மாறியிருந்தது.
நசுக்கிப் பைக்குள் போடுவான் என்று நினைத்தேன்.
வாசலில் கயிறு கோத்து
மூட்டைக்கு வெளியே கட்டிக்கொண்டான்.
மூடுபனி இன்னும் விலகவில்லை.
முன்னால் போகிற அவனைக் காணவில்லை.
டணங் டணங்கென்று அது இடிக்கிற சத்தத்தை
விட்டுவிடாமல்
நான் இரண்டு கால்களையும் எட்டிப் போட்டேன்.